பத்து யுவான் ரிக்கற்றில் லியூவின் கம்பஸ்

ஆறு வருடமாக ஒருவன் தன் பல்கலைக்கழகத்தைப் பற்றியே உங்கள் காதுக்குள் ஓதிக்கொண்டிருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் விடுமுறை எடுத்து, விசா எடுத்து, ஏறக்குறைய பன்னிரண்டாயிரம் கிலோமீற்றர் பறந்துபோய் அதைப் பார்த்துவிட்டு வந்தேன். 2006 ஏப்ரல் முதல் வாரம், சீனாவில் மொத்தம் ஒன்பது நாள். பெருஞ்சுவரைப் பற்றியும் பெய்ஜிங் அரண்மனையைப் பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இது வூஹான் நகரத்தில் ஏரிக்கரையில் இருக்கும் ஒரு பழைய பல்கலைக்கழக வளாகத்தைப் பற்றிய பதிவு. பெயரைப் போட வேண்டாம் என்று அங்கே படித்த லியூ கேட்டுக்கொண்டான். ஏரிக்கரையில் இருக்கும் பழைய பல்கலைக்கழகம் என்று சொன்னாலே வூஹானில் எந்த டாக்சிக்காரரும் கொண்டுபோய் இறக்கிவிடுவார்.

லியூ, கனடாவில் மொன்ட்ரியால் விமான நிலையம் இருக்கும் டோர்வலில் என்னோடு வேலை செய்பவன். விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் இடம். காலை ஐந்து மணிக்கு வேலை தொடங்கும். பெல்ட்டில் தட்டு நகர்ந்து வரும். நான் பாணும் வெண்ணெய்யும் வைப்பேன், எனக்கு அடுத்து நிற்கும் அவன் கரண்டிப் பொதியும் கோப்பையும் வைப்பான். அவன் அங்கே ஒன்பது வருடம், நான் ஆறு வருடம். அவன் சீனாவில் இயந்திரப் பொறியியல் படித்துப் பட்டம் வாங்கியவன். இங்கே அந்தப் பட்டத்தை யாரும் ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. எங்கள் இருவருக்கும் பொதுவான மொழி வேலையிடத்தில் பொறுக்கிய பிரெஞ்சு. அவன் பேச்சை இங்கே யாழ்ப்பாணத் தமிழில் எழுதுகிறேன், எனக்கு அவன் குரல் அப்படித்தான் கேட்கிறது.

மலையில் ஏறும் விடுதி, பச்சை ஓட்டுக் கூரை, வசந்தத்தில் செரி மரங்கள், கீழே ஏரி என்று அவன் சொல்லச் சொல்ல எனக்கு வயிறு எரியும். எரிந்ததை வீட்டுக்கும் கொண்டுபோவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி வதனி இடியப்பம் அவித்தபடியே சொன்னாள்: "இஞ்சருங்கோ, அந்த மனிசன்ரை கம்பஸ் எனக்கே பாடமாப் போச்சு. இருபது வருச ஒன்றுகூடலுக்குப் போறார் எண்டு சொன்னீங்களெல்லே, நீங்களும் ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாங்கோ. நேரிலை பாத்தால் உந்த எரிச்சல் அடங்கும்."

அடங்கும் என்றுதான் நானும் நினைத்தேன். சொல்லும்போது பெரிதாக இருக்கிற இடங்கள் நேரில் சிறுத்துப்போகும் என்பது என் கணக்கு. லியூவிடம் நானும் வருகிறேன் என்றபோது அவன் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

ஒன்றை இப்போதே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. நானும் பொறியியல் பட்டதாரி என்று லியூவுக்குச் சொல்லியிருந்தேன். ஏ லெவல் பரீட்சையில் புள்ளி வந்து பொறியியல் பீடத்துக்கு எடுபட்டது உண்மை. எண்பத்து மூன்றில் விடுதிக்குப் போய்ச் சேர்ந்ததும் உண்மை. பதினோராம் நாள் கலவரத்துக்குப் பயந்து உடுத்த உடுப்போடு ஊருக்கு ஓடியவன் திரும்பிப் போகவில்லை. எங்கள் ஆட்களிடம் இந்தப் பொய்யைச் சொல்லவே முடியாது. எந்த ஊர், எந்த வருடம், கூடப் படித்த பச் யார் யார் என்று மூன்றாவது கேள்வியில் பிடித்துவிடுவார்கள். சீனன் எப்படிப் பிடிப்பான் என்ற தைரியத்தில் முதல் வாரமே சொல்லிவிட்டேன். இதே பொய்யை இன்னோர் இடத்திலும் சொல்லியிருக்கிறேன். அது கடைசியில் வரும்.

இனிப் பயணம். மொன்ட்ரியாலில் சீன விசா கொடுக்க அலுவலகம் இல்லை, ஒட்டாவாவுக்குத்தான் போக வேண்டும். இருநூறு கிலோமீற்றர், பஸ்ஸில் இரண்டு மணி இருபது நிமிடம். விசாக் கட்டணம் 50 டொலர், நாலு வேலை நாள் கழித்து மறுபடி போய் எடுக்க வேண்டும். படிவத்தில் தொழில் என்ற இடத்தில் லியூ என்ன எழுதுகிறான் என்று எட்டிப் பார்த்தேன். "தொழிலாளி" என்றுதான் எழுதினான். நானும் அதையே எழுதினேன்.

விமான ரிக்கற் ரொறன்ரோ வழியாகப் பெய்ஜிங் வரை, வரிகளோடு 1,380 டொலர். மொன்ட்ரியாலில் காலை 10:15க்கு ஏறினோம். ரொறன்ரோவிலிருந்து பெய்ஜிங் பதின்மூன்று மணி நேரத்துக்கும் கொஞ்சம் மேலே. சாப்பாடு வந்ததும் இருவரும் தட்டைத்தான் முதலில் பார்த்தோம். கரண்டிப் பொதி இடது பக்கம் கிடந்தது. ரொறன்ரோக்காரருக்கு வேலை தெரியாது என்று லியூ முடிவுகட்டினான். சாப்பிட்டு முடித்த பிறகு கோப்பை, மூடி, பொதி எல்லாவற்றையும் பழையபடி இருந்த இடத்தில் அடுக்கி வைத்தான். பணிப்பெண் ஒரு நொடி நின்று பார்த்துவிட்டுப் போனார்.

பெய்ஜிங்கிலிருந்து வூஹான் ரயிலில் 1,200 கிலோமீற்றர். இரவு ஒன்பதுக்குப் புறப்பட்டுக் காலை ஏழுக்குச் சேரும் படுக்கை வண்டி, மெத்தைப் படுக்கை 429 யுவான். அப்போது ஒரு டொலருக்கு ஏழு யுவான் கணக்கு. விமானத்தைவிட இதுதான் நல்லது. வெள்ளைத் துணி விரித்த படுக்கை, சுடுநீர்க் குடுவை, நேரம் தவறாத வண்டி. ஊரில் யாழ்தேவி ரயிலின் வாசலில் தொங்கிக்கொண்டு போன எனக்கு இங்கேயும் பொறாமைப்பட நிறைய இருந்தது.

வண்டி புறப்பட முன்பு லியூ என் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"உனக்கொண்டு சொல்லோணும். நான் விமான நிலையத்திலை என்ஜினியரா இருக்கிறன் எண்டுதான் என்ரை அறைக்காரர் நினைச்சுக்கொண்டிருக்கிறாங்கள். கேட்டால் நீயும் ஓமெண்டு விடு."

"ஓம், அதுக்கென்ன," என்றேன். அவனும் பொய்க்காரன் என்று தெரிந்ததில் எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. அன்று நன்றாக நித்திரை வந்தது.

ரயில் நிலையத்திலிருந்து வளாகம் ஏழு கிலோமீற்றர், டாக்சி 16 யுவான். சாரதி லியூவிடம் ஏதோ கேட்டார். இவன் பதில் சொன்னதும் கண்ணாடிக்குள்ளால் அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இறங்கும்போது 15 போதும் என்று ஒரு யுவானைத் திருப்பிக் கொடுத்தார். என்ன கதை என்று கேட்டேன்.

"இஞ்சை படிச்சனியோ எண்டு கேட்டார். ஓமெண்டன். தன்ரை மகனை எப்பிடியாவது இதுக்குள்ளை சேர்க்கோணுமாம்."

வாசலில் பூப் பார்க்க வரும் கூட்டத்துக்காக ஒரு சாவடி போட்டிருந்தார்கள். பூக் காலம் முடியும்வரை வெளியாட்களுக்குப் பத்து யுவான். லியூ பணப்பையிலிருந்து மஞ்சளாகிப்போன ஒரு மாணவ அட்டையை எடுத்துக் காட்டினான். காவலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, படத்தில் இருந்த மெலிந்த பையனையும் எதிரில் நின்ற தொந்தியையும் ஒப்பிட்டுச் சிரித்து, உள்ளே விட்டார். நான் வரிசையில் நின்று ரிக்கற் வாங்கினேன். என் மாணவ அட்டைக்குப் படம் எடுத்ததோடு சரி, அட்டை கைக்கு வரவில்லை.

என் கணக்குப் பிழைத்தது. இடம் சிறுக்கவில்லை. லியூ சொன்னதைவிடப் பெரிதாக இருந்தது. மலைச்சரிவோடு ஒட்டிக் கட்டிய பழைய விடுதி, சாம்பல் நிறக் கல், நடுவில் வளைவு வாசல்கள், ஒவ்வொரு வாசலுக்குள்ளும் மேலே ஏறும் படிக்கட்டு. எண்ணத் தொடங்கி எண்பதில் விட்டுவிட்டேன். ஏறி முடித்தால் விடுதியின் கூரையில் நிற்கிறோம். அந்தக் கூரைதான் நூலகத்துக்கு முற்றம். படுத்து எழும்புகிற பையன் தலைக்கு மேலே ஏறினால் நூலகம். இப்படிக் கட்டவேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. நூலகத்துக்குப் பச்சை ஓட்டுக் கூரை, மூலைகள் மேல்நோக்கி வளைந்திருக்கும். செரிப் பூ பெரும்பாலும் கொட்டிவிட்டது. நீங்கள் பூவுக்காகப் போவதானால் மார்ச் கடைசிக்குள் போய்விட வேண்டும். கொட்டிய பூவைக் கூட்டாமல் விட்டிருந்தார்கள், அதற்கு மேலே மாணவர்கள் சைக்கிளில் போனார்கள்.

எனக்கு அதிகம் எரிந்தது கட்டடத்தைப் பார்த்து அல்ல. கொதிநீர் கொடுக்கும் கொட்டிலுக்கு வெளியே நூற்றுக்கணக்கான சுடுநீர்க் குடுவைகள் வரிசையாக நின்றன, சிவப்பு, பச்சை, நீலம். ஒவ்வொன்றிலும் வர்ணத்தால் பெயர். காலையில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனால் மாலையில் வந்து எடுக்கலாம், யாரும் தொடமாட்டார்களாம். ஓர் இடத்தில் உங்கள் பெயர் எழுதிய ஒரு சாமான் நிற்கிறது, நீங்கள் மாலையில் திரும்பி வருவீர்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நான் விட்டுவிட்டு ஓடிய சூட்கேசில் என் பெயர் இருந்ததா என்று நினைத்துப் பார்த்தேன். நினைவு வரவில்லை.

பக்கத்துக் கன்ரீனில் எள்ளு விழுது போட்டுப் பிரட்டிய நூடில்ஸ், ஒரு கிண்ணம் இரண்டு யுவான். கட்டாயம் சாப்பிடுங்கள். லியூ இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். அவனைப் பார்க்கவே பிடிக்காமல் நான் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை ஆறு மணிக்கு ஒன்றுகூடல் விருந்து. பெரிய வட்ட மேசை. லியூவின் அறையில் ஏழு பேர். அங்கே ஒரு வழக்கம் உண்டு: விடுதி அறைக்கு வந்த முதல் நாளே பிறந்த தேதியை ஒப்பிட்டு மூத்தவன், இரண்டாவது, மூன்றாவது என்று எண் போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க அந்த எண்தான் பெயர். லியூ நாலாவது. நாற்பது தாண்டிய, தலை நரைத்த மனிதர்கள் "நாலாவது, நாலாவது" என்று அவன் தோளில் அடித்தார்கள். ஒருவர் தொழிற்சாலை வைத்திருக்கிறார், ஒருவர் அங்கேயே பேராசிரியர். மூத்தவரின் மனைவி எனக்கு எதிரே இருந்தார். அதே பல்கலைக்கழகத்தில் படிப்பிப்பவர் என்று மட்டும் லியூ சொன்னான். அவர் அதிகம் பேசவில்லை. என் விடுதியில் என்னோடு அறையில் இருந்த மூவரில் எனக்கு ஒருவரின் பெயர்தான் தெரியும். மூத்த மாணவரின் பகிடிவதைக் காலத்தில் தலையை நிமிர்த்தினால்தானே பெயர் கேட்கலாம்.

சீனத்தில் பேசியதை லியூ பிரெஞ்சில் எனக்குச் சொன்னான், நான் பிரெஞ்சில் சொன்னதைச் சீனத்தில் அவர்களுக்குச் சொன்னான். மூத்தவர் கோப்பையைத் தூக்கி ஏதோ நீளமாகச் சொன்னார். லியூவின் முகம் சிவந்தது.

"எங்கடை அறையிலை ஆகத் தூரம் போனவன் நாலாவது எண்டு சொல்லுறான். கனடாவிலை விமானத்தோடை வேலையாம். எல்லாருக்கும் பெருமையாம்."

எல்லோரும் குடித்தார்கள். பிறகு மூத்தவர் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். லியூ அதைப் பிரெஞ்சில் சொன்னான்: "அங்கை எனக்கு என்ன வேலை எண்டு உன்னைக் கேக்கிறான்."

அவன் கண் ரயிலில் நான் கொடுத்த வாக்கைக் கேட்டது. நான் என்ன செய்தேன் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். அந்த மேசையில் பூக்கொட்டிய பாதையும் பச்சைக் கூரையும் ஆறு அண்ணன் தம்பிமாரும் அவனுடையவை. இதற்கு மேலே ஒரு பொய்ப் பதவியும் வேண்டுமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிரித்த முகத்தோடு பிரெஞ்சில் சொன்னேன்: "சொல்லு, நானும் நீயும் ஒரே பெல்ட்டிலை தட்டு அடுக்கிறம் எண்டு. நான் பாண், நீ கரண்டி."

எப்படியும் மாற்றித்தான் சொல்வான் என்று எனக்குத் தெரியும். அவன் முகம் ஒரு நிமிடம் வெளுப்பதைப் பார்த்தால் போதும் எனக்கு.

முகம் வெளுத்தது. சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு அவன் பேசத் தொடங்கினான். இரண்டு மூன்று நிமிடம் பேசினான். இடையில் என்னைக் கை காட்டினான். யாரும் சிரிக்கவில்லை. முடிந்ததும் மூத்தவர் எழும்பி மேசையைச் சுற்றி வந்து முதலில் லியூவின் கோப்பையையும் பிறகு என் கோப்பையையும் நிரப்பினார். இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்து, என் கோப்பையின் விளிம்புக்குக் கீழே தன்னுடையதைத் தொட்டார். அது மரியாதை என்று பிறகு தெரிந்தது. எவ்வளவு அழகாகப் பொய் சொல்கிறான் என்று நினைத்து அதற்கும் பொறாமைப்பட்டேன்.

மறுநாள் காலை ஒன்பதுக்கு நூலக முற்றத்தில் வகுப்புப் படம். எழுபது எண்பது பேர் படிகளில் ஏறி நின்றார்கள். நான் மற்றவர்களின் மனைவிமாரோடும் அவர்கள் கழற்றி வைத்த கோட்டுகளோடும் ஓரமாக நின்றேன். மூத்தவரின் மனைவி என் பக்கத்தில் வந்து நின்று, சுத்தமான பிரெஞ்சில் காலை வணக்கம் சொன்னார். நேற்று மேசையில் நான் சொன்னதெல்லாம் இவருக்கு விளங்கியிருக்கிறது. அவர் படிப்பிப்பது பிரெஞ்சு. புத்தகத்தில் உள்ளது போலப் பேசினார், ஆகவே எழுத்துத் தமிழில்தான் எழுத வேண்டும்.

"மன்னிக்க வேண்டும், நேற்று நான் சொல்லவில்லை. உங்கள் கியூபெக் பிரெஞ்சு எனக்குப் புரிவதற்கே கொஞ்ச நேரம் ஆனது. புரிந்தபோது குறுக்கிட முடியாத நிலைமை. நாலாவதுக்கு என் பாடம் என்னவென்று தெரியாது."

"அவன் என்ன சொன்னான்?" என்று கேட்டேன்.

"நீங்கள் சொன்னதை அப்படியே சொன்னார். ஒன்பது வருடமாகத் தட்டு அடுக்குகிறேன், வெட்கத்தில் உங்களுக்கு மாற்றி எழுதினேன் என்றார். பிறகு உங்களைக் காட்டினார். இவர் தன் நாட்டில் பொறியியலில் வகுப்பிலேயே முதலாக வந்தவர், போரால் எல்லாவற்றையும் இழந்தவர், இவரே வெட்கப்படாமல் என் பக்கத்தில் நிற்கும்போது எனக்கு என்ன வெட்கம் என்றார். என் கணவர் வீட்டுக்கு வந்தும் உங்களைப் பற்றித்தான் பேசினார்."

படிகளில் யாரோ எண்ணினார்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள், படம் எடுத்தாயிற்று. என் கையில் லியூவின் கோட்டு இருந்தது. அவன் இறங்கி வந்து அதை வாங்கிப் போட்டுக்கொண்டு, "குளிருது என்ன," என்றான். நான் ஓம் என்றேன். மிச்ச நாட்களிலும், திரும்பி வந்த விமானத்திலும் அதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. வூஹானில் அதற்குப் பிறகு பார்த்த இடங்களைப் பற்றி எழுத எனக்கு எதுவும் நினைவில் இல்லை.

மொன்ட்ரியால் திரும்பி முதல் திங்கட்கிழமை. ஒன்பது மணி இடைவேளையில் சாப்பாட்டு அறையில் அவனுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"நான் பட்டதாரி இல்லை. பதினொரு நாள்தான் கம்பஸுக்குப் போனனான்."

அவன் தேநீர்ப் போத்தலின் மூடியைத் திருகினான். "தெரியும்."

"எப்ப துவக்கம்?"

"நீ வந்து ரெண்டாம் வருசமளவிலை. எத்தினை கம்பஸ் கதை சொன்னனி? பகிடிவதை, விடுதிப் பருப்பு, பாத்ரூமிலை ஒளிச்சது. எல்லாம் முதல் கிழமையிலை நடந்தது. ஒரு கதையிலையும் ஒரு சோதினை வரேல்லை. நாலு வருசம் படிச்சவன் சோதினையைப் பற்றிக் கதைக்காமல் இருப்பானோ?"

"தெரிஞ்சும் ஏன் அவங்களிட்டை அப்பிடிச் சொன்னனி? நான் உன்னைக் காட்டிக் குடுத்தனான்."

"அதுக்குக் கோவம் வந்ததுதான். உன்ரையையும் சொல்லுவம் எண்டு வாய் வரைக்கும் வந்தது." அவன் ஒரு மிடறு குடித்தான். "என்ரை பொய்யைக் கழட்டினால் உள்ளை பட்டம் இருக்கு. உன்ரையைக் கழட்டினால் என்ன இருக்கு எண்டு யோசிச்சன்."

எனக்குக் கோபம் வந்தது. உடனே அழுகையும் வந்தது. இரண்டுக்கும் நேரம் இல்லாமல் மணி அடித்துவிட்டது, தலை வலையைப் போட்டுக்கொண்டு பெல்ட்டுக்குப் போனோம். வதனி வீட்டில் கேட்டாள்: "என்னப்பா, எரிச்சல் அடங்கிச்சோ?" இல்லை என்றேன். முந்தி அவன் படித்த இடத்தைப் பார்த்து எரிந்தது. அந்த மேசையில் அவன் நடந்துகொண்ட மாதிரி நான் நடந்திருக்கமாட்டேன் என்று இப்போது தெரியும், அது இன்னும் மோசமாக எரிகிறது.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஒட்டாவா விசாவுக்கு ஒரு மாதம் முன்பே போய்விடுங்கள். விமானம், ரயில், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து எனக்கு 2,100 டொலர் முடிந்தது. வளாகத்துக்கு உள்ளேயே விருந்தினர் விடுதி உண்டு, இரட்டை அறை 160 யுவான், சூடாக்கி இல்லை, ஏப்ரலிலும் கம்பளிச் சட்டை வேண்டும். காலை எட்டுக்கு முன் போனால் படிக்கட்டில் கூட்டம் இருக்காது. படிகளில் ஏற நல்ல சப்பாத்துப் போடுங்கள். கொதிநீர்க் கொட்டிலைத் தவறவிடாதீர்கள். அங்கே படித்த ஒருவரோடு போக முடிந்தால் போங்கள், வயிறு எரிந்தாலும் பரவாயில்லை.

அந்த இன்னோர் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த வலைப்பதிவின் வலது ஓரத்தில் "என்னைப் பற்றி" என்று ஒரு பெட்டி இருக்கிறது. புனைபெயரில் எழுதுகிறவனை யார் பிடிக்கப் போகிறார்கள் என்று, தொடங்கிய நாளில் அதில் "பொறியியல் பட்டதாரி" என்று எழுதினேன். நீங்களும் நம்பியிருப்பீர்கள். இன்று அதை மாற்றிவிட்டேன், பாருங்கள்: "பொறியியல் பீடம், பதினொரு நாள். டோர்வலில் ஆறு வருடம், பாணும் வெண்ணெய்யும்."